சட்டத்துக்கு வெளியே ஒரு அம்மா

உடம்புக்கு ஒண்ணும் இல்லைங்க. தண்ணி வேண்டாம், நீங்க வெச்சுக்கங்க. முகத்தைத் துடைச்சுக்கிட்டே இருக்கிறதைப் பார்த்துட்டுக் கேக்குறீங்க போல. மத்தியானம் கோர்ட்டுல கூண்டு ஏறி இறங்குனதுல இருந்து இப்படித்தான் இருக்கு. இல்ல இல்ல, என் மேல கேஸ் எதுவும் இல்ல. நான் சாட்சி. சாட்சி சொன்னவன் எதுக்கு முகத்தைத் துடைச்சுக்கிட்டே இருக்கணும்? அதைத்தான் நானும் பஸ் ஏறுனதுல இருந்து யோசிச்சுக்கிட்டு வர்றேன்.

நீங்க கடைசி வரைக்குமா? அப்ப ஒரு ஒன்றரை மணி நேரம் இருக்கு. தூங்கணும்னா தூங்குங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.

என் பேரு சவரிமுத்து. போட்டோகிராபர். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல மாடியில சின்னதா ஒரு ஸ்டூடியோ வெச்சிருக்கேன். பாஸ்போர்ட் சைஸ், காதுகுத்து, சடங்கு, கல்யாணம், எல்லாம்தான். கூடவே ஒரு பேப்பருக்கும் படம் எடுத்து அனுப்புவேன். விபத்து, மறியல், மந்திரி வருகை, அந்த மாதிரி.

நீங்ககூட என் படம் ஒண்ணைப் பார்த்திருப்பீங்க. ஒரு பொண்ணு. பின்னால வரிசையா டிப்பர் லாரி. லாரியைப் பார்த்து ஒரு கையைத் தூக்கியிருக்கும், முகம் மட்டும் நம்ம பக்கம் திரும்பியிருக்கும், வாயைத் திறந்து கத்தும். ஆங், அதேதான். வாட்சப்புல வந்துச்சா? எல்லாருக்கும் வந்துச்சுங்க. சில பேரு பனியன்லகூடப் போட்டாங்க. அது நான் எடுத்தது.

நல்ல படம்தானே? சொல்லுங்க, தயங்காதீங்க. நல்ல படம்தான். அதுல எனக்குச் சந்தேகமே கிடையாது. இன்னைக்கு இவ்வளவு ஆனதுக்கு அப்புறமும் கிடையாது.

இந்தத் தொழில் மேல எனக்கு ஆசை வந்தது கல்யாண வீட்டுல இல்லைங்க, பழைய பேப்பர் கடையில. அப்ப எனக்கு இருபது, இருபத்தொரு வயசு இருக்கும். ஒரு இங்கிலீஷ் பத்திரிகை கிடைச்சுது, உலகத்துல பேர் வாங்குன படங்களையெல்லாம் சேர்த்துப் போட்டது. எனக்கு இங்கிலீஷ் வராது. படம் வரும்ல? பக்கம் பக்கமாக் கிழிச்சு டார்க் ரூம் செவத்துல ஒட்டுனேன். குண்டு விழுந்த ஊர்ல இருந்து உடம்புல பொட்டுத் துணி இல்லாம, கையை விரிச்சுக்கிட்டு அழுதுக்கிட்டே ஓடி வர்ற சின்னப் பொண்ணு. விஷவாயுல செத்த குழந்தையை மண்ணுல வெச்சு மூடுறாங்க, முகம் மட்டும் இன்னும் மூடல. ஒரு அம்மா தாடையில கை வெச்சு எங்கேயோ பார்க்குது, ரெண்டு பக்கமும் புள்ளைங்க முகத்தைத் திருப்பிக்கிட்டு அது தோள்ல சாஞ்சிருக்கு.

அப்புறம் இன்னொண்ணு. அதை மட்டும் தனியா, கண்ணுக்கு நேரா ஒட்டியிருந்தேன். அகலமான ரோடு. வரிசையா ராணுவ டேங்கி வருது. முன்னால ஒரே ஒரு ஆளு நிக்கிறாரு. வெள்ளைச் சட்டை. கையில பை, ஏதோ கடைக்குப் போயிட்டு வீட்டுக்குப் போற ஆளு மாதிரி. அந்த ஆளு யாருன்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாதாம். நாலைஞ்சு போட்டோகிராபர்ங்க தூரத்து மாடியில நின்னு எடுத்திருக்காங்க. எல்லாத்துலயும் முதுகுதான்.

நான் பிலிம் கழுவும்போதெல்லாம் அதைத்தான் பார்ப்பேன். ஒரு ஆளு, அவ்வளவுதாங்க. பக்கத்துல இன்னொரு ஆளைப் போட்டுப் பாருங்க, படம் செத்துரும். தனியா நிக்கிறதுலதான் இருக்கு எல்லாமே. இருபத்தஞ்சு வருசமா, "தாடையைக் கொஞ்சம் தூக்குங்க, கண்ணைச் சிமிட்டாதீங்க"ன்னு சொல்லிக்கிட்டே மனசுக்குள்ள நினைச்சுக்குவேன். நமக்கும் ஒரு படம் வரும். ஒரே ஒரு படம்.

வந்துச்சு. ரெண்டரை வருசத்துக்கு முன்னாடி.

எங்க ஊர்ல இருந்து பன்னெண்டு கிலோமீட்டர்ல செங்கரட்டுப்பட்டின்னு ஒரு கிராமம். அதுக்குப் பின்னால கல்லு உடைக்கிற கிரஷர் ஒண்ணு இருந்துச்சு. வெடி வெச்சா ஊரே அதிரும். ஒருநாள் வெடிச்ச கல்லு ஒண்ணு பறந்து வந்து அங்கன்வாடி கூரையைப் பொத்துக்கிட்டு உள்ள விழுந்துருச்சு. புள்ளைங்க தூங்குற பாய் மேலயே. நல்லவேளை, அந்த நேரம் புள்ளைங்களைச் சாப்பிட வெளியில கூட்டிட்டுப் போயிருந்தாங்க. அந்த அங்கன்வாடியில ஆயா வேலை பார்க்குற அம்மாதான் பஞ்சவர்ணம். கல்லைப் பார்த்ததும் அந்தம்மாவுக்குப் பேச்சே வரலையாம். அன்னைக்கு முழுக்க அந்தப் பாயை மடிக்கவும் இல்ல, யாரையும் தொட விடவும் இல்லன்னு சொன்னாங்க.

அடுத்த நாளே ஊர் மறியல். காலையில ஆறு மணிக்கே எனக்குப் போன் வந்துருச்சு. போனேன். ஒரு நூறு பேரு ரோட்டுல உக்காந்திருந்தாங்க. அந்தப் பக்கம் பதினோரு டிப்பர் நிக்குது. இந்த மாதிரி மறியல் நான் ஐநூறு எடுத்திருப்பேன். கூட்டமா உக்காந்திருக்கிற படம் உள்பக்கத்துல ஒரு மூலையில வரும், அவ்வளவுதான். போலீஸ் வந்துச்சு, தாசில்தார் வந்தாரு, எழுதித் தர்றேன்னாரு. ஒன்பது மணிவாக்குல எல்லாரும் எந்திரிச்சு ஓரமா ஒதுங்கிட்டாங்க. நான் கேமராவைப் பைக்குள்ள வைக்கிறேன், முதல் லாரிக்காரன் ஸ்டார்ட் பண்றான்.

அப்பத்தான் அந்தம்மா, பஞ்சவர்ணம், யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாம நடந்து போயி நடுரோட்டுல தனியா உக்காந்துருச்சு.

லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான். அந்தம்மா அசையல. லாரி கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்து வருது, பயமுறுத்திப் பார்ப்பானுங்க. ஓரத்துல இருந்து ஒரு பொண்ணு ஓடுச்சு. இருபத்தாறு வயசு இருக்கும். அந்தம்மா மக. பேரு நாகஜோதி. பேரெல்லாம் அப்ப எனக்குத் தெரியாது, அப்புறம் எஃப்.ஐ.ஆர்ல பார்த்துதான் தெரிஞ்சுக்கிட்டேன். ஓடிப்போயி அம்மா கையைப் பிடிச்சு இழுக்குது. அந்தம்மா கல்லு மாதிரி உக்காந்திருக்கு. லாரி வந்துக்கிட்டே இருக்கு. இந்தப் பொண்ணு லாரிக்கு நேரா நிமிர்ந்து கையைத் தூக்கி, நிறுத்துங்க, தூக்கிக்கிறேன், நிறுத்துங்கன்னு...

நான் அது முதுகுக்குப் பின்னால நிக்கிறேன். கேமரா கண்ணுல இருக்கு. வரிசையா லாரி. முன்னால ஒரே ஆளு. முதுகு. என் செவத்துல இருந்த அதே படம்! ஆனா அதே படத்தை எடுத்தா அது அவங்க படம். என் படம் எப்படி ஆகும்? எனக்கு முகம் வேணும். ஜூம் போட்டேன். இடுப்புக்கு மேல வெச்சேன். இடுப்புக்குக் கீழ அந்தம்மா உக்காந்திருக்கு, அது வந்தா கூட்டமாயிரும். அந்த நேரம் பொண்ணு திரும்புச்சு. முகம் முழுசா விழுந்துச்சு. வெயில் ஒரு பக்கமா, வாய் திறந்து, கண்ணு ரெண்டும் அப்படியே... அடிச்சேன்.

எட்டோ ஒன்பதோ எடுத்திருப்பேன். போலீஸ்காரம்மா ரெண்டு பேரு வந்து தாயையும் மகளையும் இழுத்து ஓரமா விட்டுட்டாங்க. லாரி போயிருச்சு. மொத்தமே ஒரு நிமிசம்தான்.

டீக்கடையில உக்காந்து பார்த்தேன். அந்த ஒரு படம்தான் படம். மத்ததுல பாதி ஆட்டம், பாதியில அம்மா தலை குறுக்க வருது. எனக்கு ஒரு பழக்கம், நல்லதை வெச்சுக்கிட்டு மத்ததை அங்கேயே அழிச்சிருவேன். மறுநாள் ஒரு கல்யாணம் இருந்துச்சு, மெமரி கார்டுல இடம் வேணும். அழிச்சேன்.

அடுத்த நாள் முதல் பக்கம். இத்தனை வருசத்துல என் படம் முதல் பக்கத்துல வந்ததே இல்லைங்க. "பதினோரு லாரிகளைத் தனியாக நிறுத்திய பெண்"னு தலைப்பு. தலைப்பு நான் வெக்கல, ஆபீஸ்ல வெச்சது. நான் அனுப்புன குறிப்புல 'தனியாக'ன்னு இருந்துச்சு, அது உண்மைதான்.

பேப்பரையும் அரைக்கிலோ மைசூர்பாகையும் வாங்கிக்கிட்டு அவங்க வீட்டுக்குப் போனேன். எனக்கு அவ்வளவு சந்தோசம். அந்தப் பொண்ணுக்கும் இருக்கும்னு நினைச்சேன். பேப்பரை விரிச்சு ரொம்ப நேரம் பார்த்துச்சு. அப்புறம் கேட்டுச்சு பாருங்க.

"அம்மாவை எங்கண்ணே?"

"அம்மா வந்தா படம் கலைஞ்சு போயிரும்மா. உனக்குப் புரியாது, அது ஒரு இது."

"என் மூஞ்சி தெரியாம போட்டிருக்கக் கூடாதாண்ணே?"

நான் சிரிச்சேன். நெசமாத்தான் சிரிச்சேன். "மூஞ்சிக்காகத்தாம்மா படமே. உலகமே உன்னைப் பார்க்குது"ன்னேன்.

அது சிரிக்கல. மெதுவாச் சொல்லுச்சு. "நான் போலீஸ் செலக்ஷன்ல இருக்கேண்ணே. எழுத்துப் பரீட்சை, ஓட்டம், மெடிக்கல் எல்லாம் முடிஞ்சுது. கேஸ் கீஸ் இருக்கான்னு பார்க்குற வெரிஃபிகேஷன்தான் பாக்கி. அதனாலதான் காலையில இருந்து மறியல் பக்கமே வராம வீட்டுக்குள்ளயே இருந்தேன். அம்மா போயி உக்காந்துருச்சுன்னு சொன்னதும்தான் ஓடி வந்தேன். இப்ப எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது. நீ இப்பப் பெரிய ஆளு. உன்னைத் தொடுறதுக்கு யோசிப்பாங்க"ன்னு சொன்னேன்.

நம்பித்தாங்க சொன்னேன். பொய் சொல்லணும்னு சொல்லல.

நாலு நாள்ல கேஸ் போட்டாங்க. பொது வழியை மறிச்சது, அரசு ஊழியரை வேலை செய்ய விடாம தடுத்ததுன்னு. மறியல்ல உக்காந்தது நூறு பேரு. கேஸ்ல அஞ்சு பேரு. பேப்பர்லயும் போன்லயும் முகம் தெளிவாத் தெரிஞ்சவங்க அவ்வளவுதான். முதல் பேரு நாகஜோதி. ஆதாரம், என் படம். பஞ்சவர்ணம் ஸ்டேஷனுக்குப் போயி, "உக்காந்தது நானு, என் மேல போடுங்க"ன்னு வாசல்லயே நின்னிருக்கு. "நீ இருந்ததுக்கு எங்ககிட்ட ஒரு ஆதாரமும் இல்லையேம்மா"ன்னு அனுப்பிட்டாங்க.

வெரிஃபிகேஷன்ல கேஸ் நிலுவையில இருக்குன்னு எழுதுனாங்க. செலக்ஷன் போச்சு. கேஸ் முடிஞ்சாப் பார்க்கலாம்னாங்க. கேஸ் முடிஞ்சாத்தானே? வாய்தா, வாய்தா, வாய்தா. அதுக்குள்ள வயசு வரம்பு தாண்டிருச்சு. இப்ப அந்தப் பொண்ணு ஒரு ஜவுளிக்கடையில நிக்குது. அந்தக் கடையில உக்கார நாற்காலி கிடையாது.

நீங்க என்னைப் பத்தி என்ன நினைக்கிறீங்கன்னு தெரியுது. ஆனா இதையும் கேட்டுக்கங்க. அந்தக் கிரஷரை மூடிட்டாங்க. நெசமா. படம் டெல்லி வரைக்கும் போச்சு, அங்க யாரோ கேள்வி கேட்டாங்க, லைசென்ஸைப் புதுப்பிக்கல. இன்னைக்குச் செங்கரட்டுப்பட்டியில வெடிச்சத்தம் கிடையாது. அங்கன்வாடிக்கு கான்கிரீட் போட்டாச்சு. ஒரு படம் என்ன செய்யும்னு என் செவத்துல ஒட்டுனேனோ, அதைச் செஞ்சுது. அப்ப நான் எடுத்தது தப்பா? தப்புன்னு சொல்லவும் முடியல, சரின்னு சொல்லவும் முடியல. ஊர்ல அந்தப் பொண்ணுக்குப் பெரிசா ஃப்ளெக்ஸ் வெச்சாங்க. கோர்ட்டுக்கு ஒருத்தன் துணைக்கு வரல.

டெல்லியில எனக்கு ஒரு பரிசு குடுத்தாங்க. போனேன். போகாம இருந்திருக்கலாம்னு சில பேரு சொல்றாங்க. எப்படிங்க போகாம இருக்கறது? இருபத்தஞ்சு வருசம். மேடையில என்னைப் பேசச் சொன்னாங்க. தமிழ்லயே பேசுனேன், ஒருத்தர் மாத்திச் சொன்னாரு. திரும்பி வந்ததும் ஒரு பத்திரிகையில பேட்டி எடுத்தாங்க. அந்தப் பொண்ணு என்ன சொல்லிக் கத்துச்சுன்னு கேட்டாங்க. நான் ஏதோ சொன்னேன். பேட்டின்னா ஏதாச்சும் சொல்லணும்ல.

கேஸ் போட்டதுக்கு அப்புறம் நான் சும்மா இருந்தேன்னு நினைக்காதீங்க. அழிச்ச படத்தை எல்லாம் எடுத்துரலாம்னு யாரோ சொன்னாங்க, அந்தக் கார்டைக் கொண்டுக்கிட்டு மதுரைக்குப் போனேன். ஒரு படத்துல, ஒரே ஒரு படத்துல அம்மா தலை இருந்தாப் போதும். அந்தத் தம்பி ரெண்டு நாள் போராடிப் பார்த்தான். "அண்ணே, இது மேல ஒரு கல்யாணமே ஏறிக் கிடக்குண்ணே"ன்னான். தாலி கட்டுற படம்தான் பாதி பாதியா வந்துச்சு.

அன்னைக்கு நூறு பேரு இருந்தாங்களே, அவங்க சொல்லலாம்லன்னு கேக்குறீங்களா? மறியல்ல நானும் இருந்தேன்னு எவன் வந்து சொல்லுவான்? சொன்னா அவனும் கேஸ்ல வரணும்ல.

போன வாரம் அந்தப் பொண்ணோட வக்கீல் கடைக்கு வந்தாரு. சின்ன வயசுக்காரர், நல்ல மனுசன். "நீங்க அரசுத் தரப்பு சாட்சி. படம் நான்தான் எடுத்தேன்னு சொல்லத்தான் கூப்பிடுவாங்க. சொல்லுங்க. கூடவே அம்மா உக்காந்திருந்தாங்க, தூக்கத்தான் அந்தப் பொண்ணு போச்சுங்கறதையும் சொல்லிருங்க. உங்க வாயில இருந்து வந்தாத்தான் நிக்கும்"னாரு. நான் ஒரு வாரமா அதை மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கண்ணாடி முன்னால நின்னுகூடச் சொல்லிப் பார்த்தேன்.

இன்னைக்குக் கூப்பிட்டாங்க. ஏறுனேன். அந்தப் பொண்ணு ஓரமா நிக்குது. என்னைப் பார்க்கல. அரசு வக்கீல் படத்தைக் காட்டி, இது நீங்க எடுத்ததான்னாரு. ஆமான்னேன். அப்புறம் சொன்னேன். "ஐயா, இந்தப் படத்துல தெரியாத ஒண்ணு இருக்கு. அந்தப் பொண்ணு காலடியில அதோட அம்மா உக்காந்திருந்தாங்க. அவங்களைத் தூக்கத்தான் அது வந்துச்சு. லாரியை மறிக்க வரல."

நல்லாத்தான் சொன்னேன். குரல்கூட நடுங்கல.

அரசு வக்கீல் ஒண்ணும் கோபப்படல. கூப்பிட்ட தரப்புக்கே மாத்திப் பேசுற பிறழ் சாட்சின்னு சொல்லிட்டு, அவரே என்னைக் குறுக்கு விசாரணை பண்ண அனுமதி வாங்கிக்கிட்டாரு. ஒரு பத்திரிகையை எடுத்தாரு. எனக்கு அட்டையைப் பார்த்ததுமே தெரிஞ்சு போச்சு.

"இது உங்க பேட்டிதானே?"

"ஆமாங்க."

"படிக்கிறேன், கேளுங்க. 'அவள் பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. ஊரே ஒதுங்கி நின்றபோது தன்னந்தனியாக நின்றாள். திரும்பிப் பார்த்து, வாருங்கள், எல்லாரும் வாருங்கள் என்று ஊரையே போராட்டத்துக்கு அழைத்தாள். அந்தக் கணத்தைத்தான் நான் பதிவு செய்தேன்.' நீங்க சொன்னதா?"

"பேட்டியில சொன்னதுங்க அது."

"அப்ப அங்க பொய் சொன்னீங்களா, இங்க பொய் சொல்றீங்களா?"

நான் அந்தப் பத்திரிகை அட்டையையே பார்த்தேன். நீதிபதி அம்மா என்னைப் பார்த்து, "பதில் சொல்லுங்க"ன்னாங்க.

"அங்க சொன்னதுதாங்க தப்பு."

"பரிசு வாங்குன மேடையிலயும் தனியா நின்னாள்னுதான் பேசியிருக்கீங்க. வீடியோ இருக்கு. சரி, விடுங்க. இப்ப நீங்க சொல்றதையே எடுத்துக்குவோம். ஊரைக் கூப்பிடலேன்னா, படத்துல இந்தப் பொண்ணு வாயைத் திறந்து என்ன கத்துது?"

இந்தக் கேள்வியை அந்தப் பொண்ணோட வக்கீல்கூட எங்கிட்டக் கேக்கலைங்க. நான் எங்கேயும் சொன்னதில்ல. என் பொண்டாட்டிக்கே தெரியாது.

அந்தப் பொண்ணு சும்மா திரும்பல. நான்தான் கூப்பிட்டேன். எனக்கு முகம் வேணும்ல. முதுகையே எத்தனை நேரம் பார்க்கறது? "ஏம்மா! ஏம்மா, இங்க!"ன்னு கத்துனேன். யாரோ ஒதவிக்கு வர்றாங்கன்னு நினைச்சுத்தான் அது திரும்புச்சு.

"என்னைக் கூப்பிட்டுச்சுங்க"ன்னேன் கோர்ட்டுல.

"உங்களையா? எதுக்கு?"

"'அண்ணே வாங்கண்ணே, அம்மாவை ஒரு கை பிடிங்கண்ணே'ன்னு."

"நீங்க பிடிச்சீங்களா?"

டைப் அடிக்கிற அம்மாகூட கையை நிறுத்திட்டுப் பார்க்குது. அந்தப் பொண்ணு அப்பத்தான் முதல் தடவையா என்னைப் பார்த்துச்சு. கோபமா எல்லாம் பார்க்கல. கோபமாப் பார்த்திருந்தாத் தேவலை. இத்தனை நாள்ல அது ஒருதரம்கூட இதைச் சொல்லிக் காட்டுனதில்ல, ஊர்ல யார்கிட்டயும் சொன்னதில்ல. மைசூர்பாகோட வீட்டுக்குப் போனேனே, அன்னைக்கும் கேக்கல.

அரசு வக்கீலே பதில் சொல்லிக்கிட்டாரு. "பிடிக்கல. ஏன்னா அங்க பிடிக்கறதுக்கு யாரும் இல்ல. ஒரு அம்மா லாரிக்கு முன்னால உக்காந்து, மக ஒதவிக்குக் கூப்பிட்டா, பத்தடியில நிக்கிற மனுசன் போகாம இருப்பானா? நம்புற மாதிரியா இருக்கு? பரிசு வாங்குன பிறகு இப்ப மனசு உறுத்துது, அதனால ஒரு அம்மாவைக் கொண்டாந்து உக்கார வைக்கிறீங்க."

நான் என்ன சொல்லட்டும்? நான் அப்படிப்பட்ட ஆளுதாங்க, பத்தடியில நின்னுக்கிட்டுப் போகாதவன்தான், நம்புங்கன்னா சொல்றது? சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அவரு உக்காந்துட்டாரு. பொண்ணோட வக்கீல் எந்திரிச்சு ஏதோ ரெண்டு கேள்வி கேட்டாரு, அது சேத்துல கால் விட்ட மாதிரி இன்னும் குழம்பித்தான் போச்சு. இறங்கச் சொல்லிட்டாங்க. அடுத்த மாசம் பதினேழாம் தேதிக்கு வாய்தா போட்டிருக்கு.

படம் எடுக்கறவன் நின்னாத்தாங்க படம். எல்லாரும் ஓடிப்போயி கை பிடிச்சா அந்தச் செவத்துல ஒரு படமும் இருந்திருக்காது. நான் சொல்றது சரிதானே? ஏன் ஜன்னல் பக்கம் திரும்பிட்டீங்க?

வெளியில வந்தேன். வராண்டாவுல நின்னு முகத்தைத் துடைச்சுக்கிட்டு இருந்தேன். பொண்ணும் வக்கீலும் தூரத்துல பேசிக்கிட்டு இருந்தாங்க. பஞ்சவர்ணம் அம்மா எங்கிட்ட வந்துச்சு. உள்ள விடல போல, வாசல்லயே இருந்திருக்கு. திட்டப் போகுதுன்னுதான் நினைச்சேன். திட்டுனா வாங்கிக்கலாம்னு நின்னேன்.

"தம்பி, நான் இருந்தேன்னு சொன்னீங்களாமே. வக்கீல் தம்பி சொன்னாரு."

"சொன்னேம்மா. நம்பல."

"நம்ப மாட்டாங்க. கண்ணுல காட்டுனாத்தான் நம்புவாங்க." சேலை முந்தானையைக் கையில சுத்திக்கிட்டே நிக்குது. சுத்தும்முத்தும் பார்த்துட்டுக் கிட்ட வந்துச்சு. "உங்களால ஒண்ணு ஆகுமா? கம்ப்யூட்டர்ல ஆளைச் சேர்க்கலாமாமே. எங்க ஊர்ல செத்துப்போன மனுசனை மக கல்யாணப் படத்துல சேர்த்துக் குடுத்தீங்கன்னு சொன்னாங்க."

"அது வேறம்மா..."

"அந்தப் படத்துல என்னையும் சேர்த்துக் குடுங்க. ஜோதி காலுகிட்ட. எங்க உக்காந்திருந்தேன்னு உங்களுக்குத்தான் தெரியும்ல."

"அப்படிச் செஞ்சா அது பொய்ப் படம்மா. கோர்ட்டுல கண்டுபிடிச்சுருவாங்க. உங்களுக்கும் கேஸ், எனக்கும் கேஸ்."

"எப்படிப் பொய்யாகும்? நான் இருந்தேன்ல? இருந்த ஆளைத்தானே வைக்கச் சொல்றேன்."

இதுக்கு என்னங்க பதில்? நீங்க படிச்சவர் மாதிரி இருக்கீங்க, சொல்லுங்க. வெட்டி எடுத்த படம் உண்மையாம், சேர்த்து வெச்சாப் பொய்யாம். அந்தம்மாவுக்கு எப்படி விளங்கவைக்கிறது? எனக்கே விளங்கல. அரைமணி நேர வேலைதாங்க அது. வெயில் எந்தப் பக்கம் விழுந்துச்சுன்னு எனக்கு அப்படியே மனப்பாடம். நிழல் சரியா வெச்சு, லாரி தூசியை லேசா மேல போட்டா, என் வேலையை ஒருத்தன் கண்டுபிடிக்க முடியாதுன்னுகூட ஒரு நிமிசம் நினைச்சேன். நினைச்சேங்க, மறைக்கல.

முடியாதும்மான்னு சொல்லத்தான் நினைச்சேன். அந்தப் பக்கம் மக வர்றதைப் பார்த்துட்டு, அந்தம்மா குரலைத் தணிச்சுக்கிச்சு. "ஜோதிகிட்டச் சொல்லிராதீங்க தம்பி. அன்னைக்குக் கட்டியிருந்த சேலை அப்படியே வெச்சிருக்கேன், துவைக்கக்கூட இல்ல. நாளைக்குக் காலையில அதையே கட்டிக்கிட்டு உங்க கடைக்கு வந்துர்றேன். கீழ உக்கார்றேன், நீங்க எடுத்துக்கங்க"ன்னு சொல்லிட்டு, நான் வாயைத் திறக்குறதுக்குள்ள போயிருச்சு.

கடையைத் திறக்கறதா, பூட்டிட்டு எங்கேயாச்சும் போயிர்றதான்னு தெரியல. போன் நம்பர்கூட இல்ல, வராதீங்கன்னு சொல்றதுக்கு. முதல் பஸ்ஸுக்கே கிளம்பிரும்ங்க அந்தம்மா. ஒன்பது மணிக்கு அங்கன்வாடி வேலைக்குப் போகணும்ல, எட்டுக்கெல்லாம் வந்து படியில உக்காந்திருக்கும்.